உப்புத்தாள் போட்ட பன்னிரண்டு பிளாக்குகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு தை மாத நடுவில், சிதம்பரத்தைத் தாண்டி ஒரு நெல்வயலில் நடந்தது இது. ஆனால் அதற்கான வேலையை நான் இருபது நாளைக்கு முன்பே கடலூர்ப் பக்கம் செய்து முடித்திருந்தேன்.

எனக்கு வீடு சிதம்பரத்தில். வேலை, கடலூர் போகிற வழியில் செம்மங்குப்பம் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில். காலையில் ஆறே முக்கால் பஸ். சீட்டுக் கிடைத்தால் தூங்குவேன், கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்குவேன். கெமிக்கல் வாடை மூக்கில் ஏறினால் இறங்கும் இடம் வந்துவிட்டது என்று கண்ணைத் திறக்காமலே தெரிந்துவிடும். திரும்பி வீட்டுக்கு வந்து, சமைத்து, துணி அலசிப் படுக்கும்போது முதுகு பலகையாகியிருக்கும். இதைப் பெருமைக்காகவும் சொல்லவில்லை, பரிதாபத்துக்காகவும் சொல்லவில்லை. அந்த நாட்களில் நான் எப்படி இருந்தேன் என்று தெரிந்தால்தான் நான் செய்த காரியமும் புரியும்.

படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ. கல்யாணம், இரண்டு பிள்ளைகள் என்று பதினாலு வருடம் அந்தச் சர்டிபிகேட் பீரோவில் கிடந்தது. வீட்டுக்காரருக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி, இனிமேல் கனமான வேலை கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு அதை வெளியே எடுத்தேன். பட்டறையில் முதலில் எனக்குக் கிடைத்தது, இரும்பில் பிசிறு எடுக்கிற மேஜை. பிறகு கம்ப்யூட்டரில் ஓடுகிற, இரும்பு வெட்டும் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தவர் ஓசூருக்குப் போய்விட, முதலாளி அதை என்னிடம் கொடுத்தார். 'பொம்பளைக்கு மெஷினா?' என்று ஒருவர் வாய்விட்டே கேட்டார். மற்றவர்கள் கேட்கவில்லை. கேட்காதவர்களின் முகத்தைத்தான் நான் அதிகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மார்கழியில் எங்களுக்கு ஒரு ஆர்டர் வந்தது. நெல் அறுக்கிற வண்டிகளில், முன்னால் பயிரை வெட்டுகிற அகலமான பகுதி ஒன்று இருக்கும். கட்டர் என்பார்கள். கனம் என்றால் கனம், நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. அதைத் தூக்கி நிறுத்துவது ஆயில் அழுத்தம்தான். அந்த ஆயில் வந்து போகிற ஒரு இரும்புக் கட்டி, அதுதான் பிளாக். கைக்கு அடக்கமாக ஒரு செங்கல் பாதி அளவு இருக்கும். சிதம்பரத்தில் உதிரி பாகம் விற்கிற ஒரு கடைக்காரர் ஐம்பத்திரண்டு பிளாக் கேட்டிருந்தார். பொங்கல் முடிந்ததும் அறுப்பு சூடு பிடித்துவிடும், அதற்குள் வேண்டும் என்றார்.

பிளாக்கில் ஆயில் குழாய் வந்து திருகிக்கொள்கிற வாய்க்குப் பெயர் போர்ட். அதன் விளிம்பில் சாய்வாக ஒரு இடம் இருக்கும். ரப்பர் வளையம் உட்காருகிற இடம். அந்தச் சாய்வு வழவழவென்று இருந்தால்தான் வளையம் ஒட்டி உட்கார்ந்து ஆயிலை அடைக்கும். அகலமான வெட்டு முனையுள்ள ஒரே டூல் உள்ளே இறங்கி, துளை, சாய்வு, முகம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டிவிடும்.

நாற்பது பிளாக் வரை முணுமுணுப்புகூட இல்லை. ஒவ்வொன்றிலும் வரிசை எண்ணைச் சுத்தியலால் தட்டிப் பதித்து அடுக்கி வைத்தேன். நாற்பத்தொன்றிலிருந்து புது இரும்பு. முந்தையதைவிடக் கெட்டி. டூல் இறங்கிய உடனே பல் கூசுகிற மாதிரி ஒரு கத்தல். சாட்டர் என்போம். டூல் வெட்டாமல் அதிர்கிறது என்று அர்த்தம். எடுத்துப் பார்த்தால், வளையம் உட்காருகிற சாய்வில் வரிவரியாக அலை. நகத்தால் தடவினால் கரகர என்றது.

மெஷினில் டூல் இறங்கும் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் உண்டு. கத்தல் கேட்டதும் என் கை தானாக அதைக் குறைத்தது. சமையலில் பொங்கி வந்தால் அடுப்பைத் தணிப்போமே, அதே கை. இன்னும் கத்தியது. இன்னும் குறைத்தேன். பளபளப்பு வரட்டும் என்று, அடியில் போய்த் தொட்டதும் டூலை அங்கேயே இரண்டு சுற்று நிற்கவும் விட்டேன். வரி இன்னும் ஆழமானது.

பக்கத்து லேத்தில் ஒருவர் வேலை பார்க்கிறார். என்னைவிடச் சின்னவர், என்னை அக்கா என்பார், வாய் கொஞ்சம் நீளம், ஆனால் கை சுத்தம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால், 'அதான் அப்பவே சொன்னோம்' என்று நாலு பேர் பார்வை என் மேல் விழும் என்று பயந்தேன். உண்மையைச் சொன்னால் பயம்கூடப் பாதிதான். மீதிப் பாதி அலுப்பு. அன்று எனக்கு யாரிடமும் எதையும் விளக்கத் தெம்பு இல்லை.

பிசிறு எடுக்கிற மேஜையிலிருந்து உப்புத்தாளை எடுத்துவந்தேன். விரலில் சுற்றிச் சாய்வைத் தேய்த்தேன். கால் மணி நேரம் தேய்த்தால் கண்ணுக்கு வரி மறைந்துவிடும். நகத்துக்குக்கூட அவ்வளவாகத் தட்டாது. மேடு மழுங்கியதே தவிர பள்ளம் அப்படியே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். டிப்ளமோ படித்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்ன. தெரிந்தேதான் பன்னிரண்டையும் தேய்த்தேன்.

பத்துக்கு ஒன்றை எடுத்து ஆயில் அழுத்தம் கொடுத்துச் சோதிப்பது எங்கள் பட்டறை வழக்கம். எடுத்துக் கொடுக்க வேண்டியது மெஷின் ஓட்டுகிறவர்தான். கடைசியாகச் செய்த பன்னிரண்டுக்கு நான் எடுத்துக் கொடுத்தது முப்பத்தெட்டாம் நம்பர். சொட்டு ஆயில் கசியவில்லை. முதலாளி டார்ச் அடித்து மற்றதையும் பார்த்துவிட்டு நல்லாயிருக்கு என்றார். அன்றைக்கு பஸ்ஸில் சீட்டுக் கிடைத்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இருபது நாள் கழித்து, காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது முதலாளி போன் செய்தார். நம் பிளாக் மாட்டிய ஒரு வண்டியில் முந்தின நாள் சாயங்காலம் ஆயில் பீய்ச்சி, வண்டி வயலிலேயே நிற்கிறதாம். டிரைவர் மயிரிழையில் தப்பித்தாராம். 'நீ சிதம்பரத்துலதானே இருக்க, இன்னிக்கு இங்க வரவேணாம், கடைக்காரர்ட்ட வேற பிளாக் ஒண்ணு வாங்கிக்கிட்டுப் போய் மாத்திக் குடுத்துட்டு வந்துடு' என்றார். அவர் குரலில் சந்தேகமே இல்லை. ரப்பர் வளையம்தான் மட்டமாக இருந்திருக்கும் என்றார். நானும் ஆமாம் சார் என்றேன்.

கடையில் அலமாரியில் ஐந்து பிளாக் மிச்சம் இருந்தது. ஒவ்வொன்றாகத் திருப்பி நம்பரைப் பார்த்தேன். நாலு என் உப்புத்தாள் போட்டவை. ஒன்று மட்டும் பதினேழாம் நம்பர். அதை எடுத்துக்கொண்டேன். கடைக்காரர் சிரித்தபடி, எல்லாம் ஒன்றுதானே, இதில் என்னம்மா பொறுக்குகிறாய் என்று கேட்டார். ஆமாம், எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது நினைத்தாலும் அந்தப் பதில்தான் எனக்கு மிகவும் கூசுகிறது. அந்த நாலையும் அந்த அலமாரியிலேயே விட்டுவிட்டு வந்தவள் நான்.

கடைப் பையன்கள் யாரும் வரவில்லை, ஷேர் ஆட்டோவில்தான் போனேன். வானம் மூடிக்கொண்டு வந்தது. பாதி வயல் அறுத்துக் கட்டையாக நின்றது, மீதிப் பாதியில் நெல் சாய்ந்து கிடந்தது. நடுவில் வண்டி, கட்டரைத் தரையில் ஊன்றியபடி. வரப்பில் டிரைவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். லால்பேட்டைக்காரர் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். காதிலிருந்து கழுத்து வரை மஞ்சள் மருந்து தடவியிருந்தார்கள். கொதிக்கிற ஆயில் பட்டுத் தோல் சுருங்கியிருந்தது.

என்ன நடந்தது என்று அவரே சொன்னார். "கட்டர்ல வைக்கோல் சிக்கிருச்சு தங்கச்சி. தூக்கி நிறுத்திட்டு, அடியில படுத்து இழுத்துக்கிட்டிருந்தேன். தலைக்கு மேல உஸ்ஸுன்னு ஒரு சத்தம். இன்னான்னு பாக்கல, பொரண்டுட்டேன்."

முட்டுக் கொடுக்காமல் அடியில் போனது தன் தப்பு என்றும், அறுப்பு அவசரத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றும் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் அதைப் பார்த்துவிட்டேன். கட்டருக்கு அடியிலிருந்து ஒரு ரப்பர் செருப்பின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. மீதி மண்ணுக்குள் அமுங்கிக் கிடந்தது. அவருடைய வலது கால் செருப்பு. ஸ்பானரை எடுப்பதாகப் பைக்குள் குனிந்துகொண்டேன்.

குழாய்களைக் கழற்றி, போல்ட்டை எடுத்து, பிளாக்கை வெளியே எடுத்தேன். நாற்பத்துநாலாம் நம்பர். உள்ளே ரப்பர் வளையம் எலி கடித்த மாதிரி ஒரு பக்கம் பிய்ந்து போயிருந்தது. வளையத்தின் மேல் தப்பே இல்லை. சூடும் அழுத்தமுமாக அந்தப் பள்ளங்கள் வழியாக ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, வளையத்தை அரித்து, கடைசியில் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது. யாரும் பார்ப்பதற்கு முன் அதைத் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டேன். பதினேழை மாட்டினேன், ஆயில் ஊற்றினேன், வண்டியைக் கிளப்பச் சொன்னேன்.

கட்டர் மெதுவாக மேலே எழுந்தது. அவர் இறங்கி வந்து, ஒரு கழியால் அந்தச் செருப்பை இழுத்து, மண்ணைத் தட்டிக் காலில் மாட்டிக்கொண்டார். வார் அறுபடவில்லை என்று சந்தோஷப்பட்டார். பிறகு வரப்பில் வைத்திருந்த பிளாஸ்கிலிருந்து எனக்கு டீ ஊற்றிக் கொடுத்து, ஒரு பன்னையும் நீட்டினார். "காலையிலேருந்து ஒண்ணும் சாப்ட்டிருக்க மாட்டீங்க. நீங்க வரலைன்னா மழைக்குள்ள இத்த அறுத்திருக்க முடியாது. உங்க புள்ளைங்கள அல்லா நல்லா வெச்சிருக்கணும்."

அவர் திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். வாங்கிக் கட்டிக்கொண்டு, டீயைக் குடித்துவிட்டு, வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போயிருப்பேன். என் பிள்ளைகளைச் சொன்னதும் டீயை வரப்பில் வைத்துவிட்டேன். பைக்குள்ளிருந்து துணியைப் பிரித்து அந்தப் பிளாக்கை அவர் கையில் கொடுத்தேன்.

"பாய், இத்த செஞ்சது நான்தான். சரியா வரலைன்னு எனக்குத் தெரியும். தேய்ச்சு மறைச்சுத்தான் அனுப்புனேன்."

அவர் போர்ட்டுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். இதுபோல எத்தனை என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன். கழுத்துப் புண்ணில் ஈ உட்கார வந்தது, கையால் விசிறிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"எங்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. நான் பொழச்சுக் கெடக்கறேன். மத்த வண்டிங்களுக்கு அடியில இப்ப யாரு படுத்திருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியுமா என்று கேட்பது போலத்தான் கேட்டார். அதுவரை என் மனதில் இருந்ததெல்லாம் என் வேலை, என் சம்பளம், பட்டறையில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதுதான். பெரிய பெண் பிளஸ் டூ, அந்த மாதம் அவளுக்குச் செய்முறைத் தேர்வு. வேலை போனால் என்ன ஆகும் என்று இருபது நாளாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மற்ற வண்டிகளுக்கு அடியில் ஆள் இருப்பார் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

அந்த வரப்பிலேயே உட்கார்ந்து முதலாளிக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், முப்பத்தெட்டாம் நம்பரைச் சோதனைக்கு எடுத்துக் கொடுத்தது வரை. அவர், நம்பரைச் சொல்லு என்று மட்டும் சொன்னார். நாற்பத்தொன்றிலிருந்து ஐம்பத்திரண்டு வரை என்றேன். கடைக்காரரிடம் பேசி, வாங்கியவர்கள் எல்லோருக்கும் உடனே போன் பண்ணச் சொல்கிறேன், கட்டருக்கு அடியில் யாரும் போகக் கூடாது என்றார். அலமாரியில் இருக்கும் நாலையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்து சேர் என்றார். வேலையை விட்டு நின்றுகொள் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அதைச் சொல்லக்கூட அவருக்கு நேரமில்லை.

மதியம் ஒரு மணிக்குப் பட்டறைக்குப் போனபோது விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் பயந்த அந்தப் பார்வைகள் எல்லாம் இருந்தன. அவற்றுக்கு நடுவே நடந்து நேராக லேத்துக்காரரிடம் போனேன். டூல் கத்துகிறது, எப்படி நிறுத்துவது என்று கேட்டேன். இருபது நாளைக்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவர் கிண்டல் பண்ணவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் மெஷினைப் பார்த்தார்.

"எறக்கற வேகத்த கொறச்சா அது வெட்டாதுக்கா, தேய்க்கும். தேய்ச்சா கத்தாம இன்னா பண்ணும்? சுத்தற வேகத்த கொறங்க. எறக்கறத தைரியமா எறக்குங்க."

அப்புறம் மற்றதையும் காட்டினார். டூலை நான் நீளமாகத் தொங்கவிட்டிருந்தேன். உள்ளே தள்ளி, தேவையான அளவு மட்டும் வெளியே விட்டுப் பிடிக்க வைத்தார். முதலில் சாதாரண டிரில்லாலும், படிப்படியாக வெட்டுகிற இன்னொரு டூலாலும் பெரும்பாலான இரும்பை எடுத்துவிடச் சொன்னார். போர்ட் டூலுக்கு மெல்லிய தோல் அளவுதான் மிச்சம் வைக்க வேண்டும். அடியைத் தொட்டதும் ஒரு நொடிகூட நிற்காமல் வெளியே வந்துவிட வேண்டும். ஒரு பிளாக்குக்கு நாலைந்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். அந்த நாலைந்து நிமிட வேலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் உப்புத்தாள் தேய்த்திருக்கிறேன். என் புத்தியை என்ன சொல்வது.

முதல் பிளாக்கில் டூல் இறங்கியது. சீராக ஒரு உறுமல், சுருள் சுருளாக இரும்பு வந்து விழுந்தது. கத்தல் இல்லை. நகத்தால் தடவினேன், கண்ணாடி. திரும்பினால் முதலாளி பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் ரூம் என் மெஷினுக்கு நேர் எதிரே. எனக்கு விழப்போகும் திட்டுக்குத் தயாராக நின்றேன்.

"அன்னிக்கு அந்தச் சத்தம் என் ரூமுக்கும் கேட்டுச்சும்மா. அப்புறம் ரெண்டு நாளு உப்புத்தாள் தேய்க்கற சத்தமும் கேட்டுச்சு. ஆர்டர் போனா போதும்னு நானும் எழுந்து வரல."

சொல்லிவிட்டு அந்தப் பிளாக்கை வாங்கிப் பார்த்தார். பன்னிரண்டையும் நீயே போட்டுக் கொடு, எல்லாவற்றையும் ஆயிலில் வைத்துச் சோதி, போய் மாட்டிக் கொடுத்துவிட்டு வா, அப்புறம் மூன்று மாதம் பிசிறு மேஜைக்குப் போ என்றார். சரி சார் என்றேன். அவர் முகத்தைப் பார்த்தால் அவரும் பல நாள் தூங்காதவர் போலத்தான் தெரிந்தார்.

அடுத்த மூன்று நாள் கடைக்காரரின் நோட்டில் இருந்த போன் நம்பர்களைப் பிடித்துக்கொண்டு காட்டுமன்னார்கோயில், புவனகிரி, சேத்தியாத்தோப்பு என்று வயல் வயலாக அலைந்தேன். ஒவ்வொரு வண்டியிலும் அதே வேலை. ஒவ்வொருவரிடமும் அதே கதையை முதலிலிருந்து சொன்னேன். சிலர் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். ஒருவர் வண்டி நின்ற நேரத்துக்கு யார் பதில் சொல்வது என்று சண்டை பிடித்தார். ஒருவர் தண்ணீர் கொடுத்தார். ஆறு வண்டிகளில் மாற்றினேன். இரண்டில் வளையம் பிய்ய ஆரம்பித்திருந்தது. அலமாரியில் இருந்த நாலு, பாய் வண்டியில் இருந்த ஒன்று, இந்த ஆறு. பதினொன்று வந்துவிட்டது.

நாற்பத்தொன்பதாம் நம்பர் மட்டும் கிடைக்கவில்லை. யாரோ ஒருவர் பைக்கில் வந்து, பெயர், போன் நம்பர் எதுவும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனதாகக் கடைக்காரர் சொன்னார். தெரிந்த மெக்கானிக்குகள், டிரைவர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்தோம். லால்பேட்டை பாய் தன் வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு விசாரித்தார். இன்று வரை பதில் இல்லை.

இப்போது நான் மறுபடியும் அதே மெஷினில்தான் இருக்கிறேன். டூல் லேசாக முனகினாலும் நிறுத்திவிட்டு, லேத்துக்காரரைக் கூப்பிடுகிறேன். அக்காவுக்கு வேற வேலையில்லை என்று கிண்டல் செய்துகொண்டே அவரும் வருகிறார். அதே பஸ், அதே அலுப்பு. ஆனால் தை பிறந்துவிட்டால் பஸ்ஸில் தூங்க முடிவதில்லை. ரோட்டோரம் அறுப்பு வண்டி எங்கே நிற்கிறது என்று ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வருகிறேன். இரண்டு தடவை புதுச்சத்திரம் தாண்டி நடுவழியில் இறங்கி, டார்ச் அடித்துப் பிளாக்கின் நம்பரைப் பார்த்திருக்கிறேன். இரண்டுமே வேறு. புடவை கட்டிய ஒரு பொம்பளை வண்டிக்கு அடியில் குனிந்து என்ன தேடுகிறாள் என்று டிரைவர்கள் விநோதமாகப் பார்ப்பார்கள். காரணத்தைச் சொல்லி, முட்டுக் கொடுக்காமல் அடியில் படுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன். மறக்க முடியாத அனுபவம் என்று முடிந்துபோன ஒன்றைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள், என்னுடையது இன்னும் ஏதோ ஒரு வயலில், யாரோ ஒருவரின் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது.